வெப்சைட் போட 85,000 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் குரூப் மூலம் சுங்குடி, காட்டன் சேலை விற்கிறேன். மாதம் 40 சேலை போகிறது. மொத்தக் கடையில் பில்லோடு சராசரி 620 ரூபாய்க்கு எடுத்து 950க்குக் கொடுக்கிறேன். கூரியர் செலவு வாங்குகிறவர்களுடையது. இப்போது பெங்களூரு, மும்பையிலிருந்தும் கேட்கிறார்கள். வெப்சைட் செய்து தருகிற ஒருவர் டொமைன், ஹோஸ்டிங், லோகோ, 100 சேலை பதிவேற்றம், எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் கடையை முன்னால் காட்டும் வேலை), மொபைல் ஆப் எல்லாம் சேர்த்து 85,000 கேட்கிறார். அடுத்த வருடத்துக்கான பராமரிப்பு 15,000, அதையும் முன்பணமாகத் தர வேண்டுமாம். கூரியர்காரர் கொடுத்த ரேட்: அரைக் கிலோவுக்கு உள்மாநிலம் 50, வெளிமாநிலம் 80, ஒவ்வொரு கூடுதல் அரைக் கிலோவுக்கும் 40, கேஷ் ஆன் டெலிவரி என்றால் பார்சலுக்கு இன்னொரு 40. ஜி.எஸ்.டி. எண் இல்லை. சேமிப்பு ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஷாப்பிஃபை நல்லதா? மீஷோவில் போடலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

- பெயர் வேண்டாம், சின்னாளபட்டி

பதில்:

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்த டிசைனர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் பட்டியலில் பாதி உங்களுக்குத் தேவையில்லாதது, மீதிப் பாதி அந்த விலை பெறாதது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆன்லைன் கடையில் உங்கள் பணத்தைத் தின்னப்போவது வெப்சைட் அல்ல, ஒவ்வொரு பார்சலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கூடவே கிளம்புகிற சில்லறைச் செலவுகள்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். ஆகவே முதலில் ஒரே ஒரு சேலையை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

இன்று வாட்ஸ்அப்பில் ஒரு சேலை விற்றால் என்ன நிற்கிறது? 950இல் 620 போக 330. உள் கவர், வெளிப் பை, டேப், லேபிள் எல்லாம் சேர்த்து 14 ரூபாய் வைத்தால் கையில் 316. கூரியரை வாங்குகிறவர் கட்டுகிறார். ஜிபேயில் வரும் பணத்துக்குப் பிடித்தம் எதுவும் இல்லை.

அதே சேலை வெப்சைட்டில் போகட்டும். 'டெலிவரி இலவசம்' என்று போடாத கடையில் முன்பின் தெரியாதவர்கள் கூடையோடு நின்றுவிடுவார்கள். எனவே கூரியர் உங்கள் தலையில். வெளிமாநில ஆர்டர் என்று வைத்துக்கொண்டால்:

விற்பனையில் மிச்சம்: 330
கூரியர், அரைக் கிலோவுக்குள்: 80
பேக்கிங்: 14
பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) பிடித்தம்: 22
ஜி.எஸ்.டி.யில் நிகரமாகக் கட்டுவது: 16
நிற்பது: 198

கேட்வே கணக்கு எப்படி வந்தது என்றால், ரேஸர்பே போன்றவர்களின் வழக்கமான கட்டணம் 2 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 2.36 சதவீதம். 950க்கு 22 ரூபாய் 42 காசு. 'யு.பி.ஐ.க்குக் கட்டணமே கிடையாதே' என்று கேட்பீர்கள். வங்கி வழியாக நேரடியாக வாங்கும்போது கிடையாது. கேட்வே நிறுவனம் தன் சேவைக்குத் தனியாகப் பிடித்துக்கொள்ளும். பணமும் உடனே வராது, பொதுவாக இரண்டு வேலை நாள் கழித்துத்தான் வரும். வெள்ளிக்கிழமை விற்றதை வைத்துத் திங்கட்கிழமை சரக்கு எடுக்க முடியாது.

ஜி.எஸ்.டி.: வெளிமாநிலத்துக்கு அனுப்ப நம்பர் எடுக்க வேண்டியிருக்கும் (பின்னால் சொல்கிறேன்). சேலைக்கு 5 சதவீதம். விலையோடு சேர்ந்த வரி என்றால் 950க்குள் 45 ரூபாய் வரி ஒளிந்திருக்கிறது. நீங்கள் பில்லோடு 620க்கு வாங்கும்போது கட்டியது சுமார் 29.50. வித்தியாசம் 16. கூரியர், கேட்வே பில்களில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம், அப்போது இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் பில் இல்லாமல் சரக்கு எடுத்தால் முழு 45ம் உங்கள் பையிலிருந்து போகும். அதனால் நம்பர் எடுத்த பிறகு மொத்தக் கடையில் 'பில் போட்டா இவ்வளவு, போடாட்டி இவ்வளவு' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

100 ஆர்டரில் 5 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் ஒவ்வொன்றுக்கும் போக 80, வர 80, பேக்கிங் 14, கேட்வே 22 என 196 ரூபாய் நஷ்டம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கேட்வேக்காரர் தன் கட்டணத்தைத் திருப்புவதில்லை. இதை மற்ற சேலைகளின் மேல் பரப்பினால் ஒன்றுக்கு 10 ரூபாய். ஆக 188.

இப்போது 85,000ஐயும் 15,000ஐயும் கூட்டி ஒரு லட்சத்தை 188ஆல் வகுத்துப் பாருங்கள். 532 சேலை. ஒரு வருடத்தில் எடுக்க மாதம் 44. இந்த 44ம் புது ஆட்களுக்குப் போக வேண்டும். உங்கள் பழைய ஆட்களை வெப்சைட்டுக்கு இழுத்து வந்தால் லாபம் கூடாது, சேலைக்கு 316 ரூபாய் தந்துகொண்டிருந்தவர்கள் 188 தருவார்கள். வெப்சைட் போடுகிற பலர் செய்கிற முதல் தவறு இதுதான்: இருக்கிற வாடிக்கையாளரை அதிகச் செலவான வாசல் வழியாக உள்ளே வரச் சொல்வது. குரூப்பில் இருப்பவர்கள் குரூப்பிலேயே இருக்கட்டும்.

புது ஆட்கள் எப்படி வருவார்கள்? விளம்பரம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ஒரு கிளிக் 4 ரூபாய், 100 பேர் வந்தால் ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள் (புதுக் கடைக்கு இது மோசமான கணக்கு அல்ல). ஒரு ஆர்டரைப் பிடிக்க 400 ரூபாய். உங்களிடம் இருப்பது 188. ஒற்றைச் சேலை ஆர்டரை விளம்பரம் கொடுத்து வாங்கினால் ஒவ்வொரு விற்பனைக்கும் 212 ரூபாய் கைக்காசு போகும். விற்பனை கூடக்கூட நஷ்டமும் கூடும்.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது. இரண்டு சேலை சேர்ந்த ஆர்டரைப் பாருங்கள். 1,900 ரூபாய். மிச்சம் 660. கூரியர் ஒரு கிலோவுக்கு 120, பேக்கிங் 20, கேட்வே 45, வரி 32. நிற்பது 443. விளம்பரத்துக்கு 400 போனாலும் தலை தண்ணீருக்கு மேலே இருக்கிறது, அதே ஆள் அடுத்த முறை விளம்பரம் இல்லாமல் வந்தால் லாபம். எனவே கடை எப்போது திறந்தாலும் ஒற்றைச் சேலைக்கு டெலிவரி 60 ரூபாய், 1,800க்கு மேல் இலவசம் என்று வையுங்கள். ஒரு சுங்குடியோடு ஒரு தினசரிக் காட்டன் என்று ஜோடியாகப் படம் போட்டு விற்பதும் இதற்காகத்தான்.

கூரியரில் எங்கே கை கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமையலறைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டன் சேலை 440 கிராம் என்று வைத்தால், உள் கவர் 12, வெளிப் பை 18, பில்லும் சின்ன அட்டையும் 15. மொத்தம் 485. அரைக் கிலோவுக்குள் பதினைந்து கிராம் மிச்சத்தில் தப்பிக்கிறீர்கள். இப்போது அன்புக்கு ஒரு மருதாணிக் கோன் வைக்கிறீர்கள், 30 கிராம். 515 ஆகிவிட்டது, அடுத்த அரைக் கிலோவுக்கான 40 ரூபாய் விழுந்துவிட்டது. பத்து ரூபாய்க் கோனுக்கு ஐம்பது ரூபாய் செலவு. ஒவ்வொரு ரகச் சேலையையும் எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜரிகைக் கரையும் கனமான முந்தானையும் உள்ளவை அரைக் கிலோவைத் தாண்டும், அவற்றின் விலையில் அந்த 40ஐ முதலிலேயே ஏற்றிவிட வேண்டும்.

அடுத்தது அளவு. கூரியர் நிறுவனங்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருகிற கிலோ கணக்கையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பில் போடுவார்கள். அழகான அட்டைப் பெட்டி 35க்கு 28க்கு 6 என்றால் 5,880, வகுத்தால் 1.18 கிலோ. ஒன்றரைக் கிலோவாக ஏற்றிக் கட்டணம் 160. அதே சேலையை 28க்கு 22க்கு 3.5 ஆக மடித்துப் பையில் போட்டால் 0.43 கிலோ, 80 ரூபாய். பட்டுக்குப் பெட்டி வையுங்கள். காட்டனுக்குப் பை போதும், தண்ணீர் புகாத உள் கவர்தான் முக்கியம். தராசில் வைத்த பார்சலை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம். கூரியர் பில்லில் எடை கூடி வந்தால் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

கேஷ் ஆன் டெலிவரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடை திறந்த மூன்றாம் நாள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். 100 பார்சலில் 20 வாங்காமல் திரும்புகிறது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். வாங்கிய 80இல் ஒவ்வொன்றிலும், கேட்வேயின் 22 இல்லாமல் கேஷ் ஆன் டெலிவரிக்கான 40 போக, 180 நிற்கும், மொத்தம் 14,400. திரும்பிய 20இல் ஒவ்வொன்றுக்கும் 174 போகும், மொத்தம் 3,480. மிச்சம் 10,920. வாங்கியவர் ஒருவருக்கு 136 ரூபாய்தான். கூடவே 20 சேலை இரண்டு வாரம் ஊர் சுற்றிவிட்டுக் கசங்கி வரும், பண்டிகை சீசனில் அது தனி நஷ்டம். கூரியர்காரர்கள் இதை ஆர்.டி.ஓ. என்பார்கள் (லைசென்ஸ் எடுக்கிற ஆபீஸ் அல்ல, அனுப்பியவருக்கே திரும்பும் பார்சல்). என் யோசனை: முதல் ஆறு மாதம் கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 100 ரூபாய் முன்பணம் ஆன்லைனில் வாங்கிவிட்டு மீதியை வாசலில் வாங்குங்கள். 100 ரூபாய் கட்டியவர் கதவைத் திறப்பார்.

டிசைனரின் பட்டியலுக்கு வருவோம். டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். உங்கள் அளவுக் கடைக்கு ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம், வருடம் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குள் முடியும். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள், அது இரண்டு மூன்று மடங்காக இருக்கும். பூட்டுப் படம் காட்டுகிற எஸ்.எஸ்.எல். சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு மூலம் இலவசம். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். மொபைல் ஆப் அறவே வேண்டாம். 40 சேலை விற்கிற கடைக்காக யாரும் போனில் இடம் ஒதுக்க மாட்டார்கள். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். அதற்குமேல் அவர் செய்யப்போவது பெரும்பாலும் வெப்சைட்டையே ஒரு உறைக்குள் போட்டுக் கொடுப்பதுதான்.

'100 சேலை பதிவேற்றம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் சரக்கு சோப்பு இல்லையே. கை முடிச்சுச் சுங்குடியில் ஒரு நிறத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். முதல் மாதம் விற்றது போக, அடுத்த வாரம் வருகிற 15 சேலையை யார் ஏற்றுவார்கள்? ஒரு சேலைக்குப் படம் எடுத்து, நீளம் அளந்து, எழுதி, ஏற்ற 20 நிமிடம். 40 சேலைக்கு 13 மணி நேரத்துக்கு மேல், மாதா மாதம். அந்த வேலையை நீங்களே கற்றுக்கொண்டே ஆக வேண்டும். அதைக் கற்றுத் தருவதற்குக் காசு கொடுங்கள், 100 சேலைக்குக் கொடுக்காதீர்கள்.

ஷாப்பிஃபை (சந்தா கட்டி ஆன்லைன் கடை வைத்துக்கொள்ளும் தளம்) நல்ல சாமான்தான். கைக்கு அடக்கமானது, ராத்திரி இரண்டு மணிக்குச் சைட் விழுந்துவிட்டதே என்ற பயம் இல்லை. ஆனால் இந்தியாவில் அதன் சொந்தப் பேமென்ட் வசதி கிடையாது. வெளி கேட்வேதான் போட வேண்டும், அப்படிப் போட்டால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஷாப்பிஃபை 2 சதவீதம் தனியாக எடுத்துக்கொள்ளும். கேட்வேயின் 22க்கு மேல் இன்னொரு 19 ரூபாய். மாதச் சந்தா மாதாமாதம் கட்டினால் ஏறத்தாழ 2,000, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் அதைவிடக் குறைவு, வரி தனி. வாடிக்கையாளர் கருத்து காட்ட ஒரு ஆப், வாட்ஸ்அப் செய்தி அனுப்ப ஒரு ஆப் என்று போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் டாலரில் சந்தா கேட்கும். மாதம் 100 ஆர்டரைத் தாண்டிய பிறகு யோசிக்கலாம்.

வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ்ஸின் மேல் ஓடும் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருள் இலவசம். விற்பனைக்குக் கமிஷன் கேட்காது. தெரிந்த ஃப்ரீலான்சரிடம் 15,000 முதல் 25,000க்குள் செய்து வாங்குகிற வேலை என்பது என் மதிப்பீடு. விலை குறைவு, ஆனால் பொறுப்பு உங்களுடையது. எங்கே சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ரகத்திலும் ஒரே ஒரு சேலை வைத்து விற்கிற கடைகள் இதில்தான் மாட்டுகின்றன.

வாங்குகிறவர் சேலையைத் தேர்ந்து, 'பணம் கட்டு' என்று அழுத்தி, ஜிபேக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். பணம் போய்விட்டது. திரும்ப உங்கள் பக்கத்துக்கு வராமல், அப்படியே போனை மூடி வைத்துவிடுகிறார். உங்கள் கடைக்குப் பணம் வந்த சேதி தெரியாது. ஆர்டர் 'பணம் வரவில்லை' என்ற நிலையிலேயே கிடக்கும். வூகாமர்ஸ் சரக்கைப் பிடித்து வைக்கிற நேரம் முதலிலேயே 60 நிமிடம் என்று அமைந்திருக்கும். அது முடிந்ததும் ஆர்டரை ரத்து செய்து, சேலையைத் திரும்ப விற்பனைக்கு வைத்துவிடும். இன்னொருவர் வாங்கிவிடுவார். ஒரு சேலை, இரண்டு பேர் பணம். இதற்கு மருந்து வெப்ஹுக். பணம் வந்ததும் கேட்வேயின் சர்வர் உங்கள் கடையின் சர்வருக்கு நேரடியாகச் சொல்லிவிடுகிற ஏற்பாடு அது, வாங்குகிறவர் திரும்பி வருகிறாரா என்று காத்திருக்காது. கேட்வே கணக்கில் வெப்ஹுக் முகவரியையும் ரகசியச் சொல்லையும் போட்டிருக்கிறாரா என்று டிசைனரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நம்பிவிடாதீர்கள். 10 ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருளைப் போட்டு, ஜிபேயில் கட்டி, உடனே பிரவுசரை மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆர்டர் 'பணம் வந்தது' என்று மாறினால் வேலை சரி. மாறாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அதே சோதனையில் இன்னொன்றையும் பாருங்கள்: ஆர்டர் மின்னஞ்சல் வருகிறதா, வந்தால் ஸ்பேமில் விழுகிறதா. ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேரே போகிற மெயில் பெரும்பாலும் ஸ்பேமில்தான் விழும். எஸ்.எம்.டி.பி. (மெயில் அனுப்புவதற்கான தனி வழி) வழியாக அனுப்பவும், டொமைனில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் (மெயில் உங்கள் கடையிலிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) போடவும் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. வேகத்துக்காக கேச் (cache) பிளக்இன், அதாவது பக்கங்களைச் சேமித்து வைத்து உடனே காட்டும் துணை மென்பொருள், போட்டால் கூடை, பணம் கட்டும் பக்கம், 'என் கணக்கு' மூன்றையும் அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரிகிற கூத்தெல்லாம் நடக்கும். திருட்டுத் தீம் (கடையின் தோற்ற வடிவமைப்பு), திருட்டு பிளக்இன் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்டேட் வராது, உள்ளே ஓட்டை இருக்கும், ஒரு நாள் உங்கள் சேலைக் கடையைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் திறக்கும். தீம் வாங்கிய பில்லை உங்கள் பெயரில் கேளுங்கள்.

எதை விட்டுக்கொடுத்தாலும் டொமைனை மட்டும் அவர் பெயரில் வாங்க விடாதீர்கள். டொமைன், ஹோஸ்டிங், கேட்வே மூன்றும் உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் எண், உங்கள் பான் எண்ணில் இருக்க வேண்டும். அவருக்குத் தனி லாகின் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்துச் சண்டை வந்தால், கடைப் பெயரையே பிணையாக வைத்துப் பேசுகிற நிலை வரக்கூடாது.

கேட்வே விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும்: பான் அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு இனிஷியல், சைட்டில் முகவரியும் போன் எண்ணும் இல்லை, திரும்பப் பெறுதல், டெலிவரி, தனியுரிமை, விதிமுறைகள் ஆகிய பக்கங்கள் இல்லை, பொருளே இல்லாமல் 'விரைவில்' என்று மட்டும் போட்டிருப்பது. இதையெல்லாம் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் தெளிவாக இருங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும், உங்கள் வாட்ஸ்அப்பிலோ சொந்த சைட்டிலோ விற்றால், பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அங்கே இந்த வரம்பு பேசாது, பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு ஒரு விலக்கு உண்டு. கையாலேயே பெரும்பாலும் செய்த, பட்டியலில் உள்ள பொருள் என்றால் குறிப்பிட்ட வரம்பு வரை வெளிமாநிலத்துக்குப் பதிவில்லாமல் அனுப்பலாம், பான் எண்ணும் இ-வே பில்லும் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். உங்கள் சரக்கில் கை முடிச்சும் இருக்கும், அச்சும் இருக்கும். எது சேரும் என்று பில்களோடு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். காம்போசிஷன் திட்டம் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. திட்டம்) எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் வெளிமாநில விற்பனைக்கே வழியில்லை. பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆனால் எடுத்த பிறகு விற்பனை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் நாளுக்கு 50 என்று தாமதக் கட்டணம் ஏறும். கணக்குப் பார்ப்பவருக்கு மாதம் ஆயிரம் என்று செலவில் எழுதிக்கொள்ளுங்கள். உத்யம் (சிறு தொழில்) பதிவும் இலவசம். அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம். தேடினால் முதலில் வருகிற, 1,500 கேட்கிற சைட்டுகள் தரகர்கள்.

மீஷோவா? 2023 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண்ணை (என்ரோல்மென்ட்) மட்டும் எடுத்துக்கொண்டு, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் இத்தகைய தளங்களில் விற்கலாம். விற்கலாமே தவிர, அங்கே உங்கள் 950 ரூபாய்ச் சுங்குடி 350 ரூபாய் அச்சுச் சேலைக்குப் பக்கத்தில் நிற்கும். படத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். வாங்கியவரின் போன் எண்ணும் உங்கள் கைக்கு வராது. தேங்கிய சரக்கைத் தள்ளிவிட அது உதவும், உங்கள் நல்ல சரக்குக்கு அது இடமில்லை.

படத்தைப் பற்றி ஒன்று. சேலை திரும்பி வருவதற்கு முதல் காரணம் நிறம். டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்த அறையில் அரக்குச் சிவப்பு ஆரஞ்சாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம், காலை 9 முதல் 11க்குள் எடுங்கள். சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா பாருங்கள். நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் தப்பு. முந்தானை, கரை, உடல், பின்பக்கம், முடிச்சுப் புள்ளியின் நெருக்கப் படம் என ஐந்து படம் போதும். ஒவ்வொன்றும் 200 கே.பி.க்குள் இருக்கட்டும். விவரத்தில் சேலை எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா, எத்தனை சென்டிமீட்டர், முதல் அலசலில் சாயம் போகுமா, உப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டுமா என்று எழுதுங்கள். அச்சுச் சேலையை 'அச்சு' என்றே எழுதுங்கள். மதுரை சுங்குடி புவிசார் குறியீடு பெற்ற பெயர். அச்சடித்ததைக் கை முடிச்சு என்று விற்பது வாடிக்கையாளரிடமும் மாட்டும், சட்டத்திலும் மாட்டும்.

'நோ ரிட்டர்ன்' என்று குரூப்பில் போட்டிருப்பீர்கள், எல்லோரும் போடுகிறார்கள். பிடிக்கவில்லை என்பதற்கு அது சரி. கிழிசல், வேறு நிறம், விவரத்துக்கு மாறான சரக்கு என்றால் திரும்ப வாங்க மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சைட்டில் உங்கள் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒருவரின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்பது நல்லது, ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிழிந்த சேலையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் கேட்லாக் இலவசம், 500 பொருள் வரை ஏற்றலாம். உங்கள் சேலைகளை விலை, எடை, விவரத்தோடு அதில் போடுங்கள். இதுவே பின்னால் வெப்சைட்டுக்கான பொருள் பட்டியல். டொமைனை மட்டும் இப்போதே உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள். பணம் வந்ததா என்று வங்கி ஆப்பில் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சலைக் கொடுக்காதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். 5,000 ரூபாய் விளம்பரத்துக்கு ஒதுக்கி, வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்படி ஓட்டி, எத்தனை புது ஆள் வாங்கினார்கள், ஒருவருக்கு எவ்வளவு ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு புது வாடிக்கையாளருக்கு 150க்குள் வந்தால் வெப்சைட்டுக்குப் போகலாம். 400 வந்தால் வெப்சைட் அதைச் சரி செய்யாது. சரக்கையோ விலையையோ ஜோடி விற்பனையையோதான் மாற்ற வேண்டும். ஒன்றரை லட்சத்தில் 20,000 திரும்பும் பணத்துக்கும் தாமதமாக வரும் பணத்துக்கும் ஒதுக்கி, தீபாவளி, பொங்கலுக்கு முன் சரக்கில் போட 70,000 வைத்துக்கொள்ளுங்கள். மீதியில்தான் மற்றதெல்லாம்.

டிசைனருக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்: "சார், மொபைல் ஆப், எஸ்.இ.ஓ., லோகோ, பதிவேற்றம் வேண்டாம். வூகாமர்ஸில் கடை, கேட்வே இணைப்பு, வெப்ஹுக், எஸ்.எம்.டி.பி., தினசரி பேக்கப், சேலை ஏற்றக் கற்றுத்தர இரண்டு நாள் - இதற்கு மட்டும் எவ்வளவு? டொமைன், ஹோஸ்டிங் என் பெயரில் நானே வாங்கித் தருகிறேன். பாதிப் பணம் முதலில், மீதி சோதனை ஆர்டர் சரியாக வந்த பிறகு. வருடப் பராமரிப்பில் என்னென்ன வேலை அடங்கும் என்று எழுதித் தாருங்கள்." பதிலில் 25,000க்குள் ஒரு தொகையும் தெளிவான பட்டியலும் வந்தால் மூன்று மாதம் கழித்து அவரிடமே கொடுக்கலாம். 'அப்படிப் பிரித்துச் செய்ய முடியாது' என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.